மாரிச்சாமிக்கு நான் போட்ட எண்

மாரிச்சாமியின் இரத்தக் குழாய்களைப் பற்றி நான் பொய் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். தெரியாமல் நடந்த பிழை என்று எனக்காகப் பரிந்து பேச வருகிறீர்களா? தயவுசெய்து வேண்டாம்!

2008, தீபாவளி சீசன். விருதுநகரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் நான் டெக்னீசியன். எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு இருதய முகாம் நடத்தினோம். டாக்டர் எக்கோ கருவியால் இருதயத்தைப் படமாகப் பார்ப்பார். அடுத்த கட்டிலில் நான். கைகளிலும் கணுக்கால்களிலும் பட்டை சுற்றி, மார்பில் ஒயர் ஒட்டி, நாடித்துடிப்பு குழாய்களில் எத்தனை வேகமாக ஓடுகிறது என்று அளப்பேன். இளக்கமான குழாயில் அது மெதுவாகப் போகும்; விறைத்த குழாயில் விரைந்து ஓடும்.

படத்தில் இருதயம் நன்றாகத் தெரிகிற ஆளுக்கும் வரப்போகும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லத்தான் அந்தக் கருவி. இது எனக்குத் தெரியாதா? காலையிலிருந்து எல்லோருக்கும் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தவனே நான்தான்!

ஆனால் அந்த ஒயர்... அதுதான் என் பொறுமையைத் தின்றது. பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன், ஒரு பொறி தட்டினாலும் வெடித்துவிடும் என்பதால், வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். ஒயரைக் கண்டாலே ஒதுங்கிப் பழகியவர்கள். படுத்தவுடன் ஒவ்வொருவரும் ஒரே கேள்வி: "பொறி கிறி தட்டாதுல்ல சார்?" தட்டாது, தட்டாது, தட்டாது! ஐம்பது பேருக்குச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோனது.

மாரிச்சாமி மருந்து கலக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கேட்கவே இல்லை. நான் ஒயரை எடுத்ததும் எழுந்து போய், சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து படுத்தார்!

"என்னய்யா பண்றீங்க?"

"கோவிச்சுக்கிடாதீக சார். கை தானாப் போகுது. இருவது வருசப் பழக்கம்."

முதல் அளவு மிக அதிகம். விதிப்படி பத்து நிமிடம் அமைதியாகப் படுக்கவைத்து மறுபடி அளக்க வேண்டும். படுக்கவைத்தேனா? இல்லை. உடனே அளந்தேன். மறுபடியும் அதே அதிகம். மூன்றாம் முறை ஒயரைத் தொட்டேன்... மனிதர் மறுபடி சன்னலுக்குப் போய்விட்டார்! வாசலில் பட்டாசு ஆலை மேனேஜர், "லோடு ஏத்தணும் சார், ஆளுகளச் சீக்கிரம் விடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

பயத்தில் ஏறிய எண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தில் இருதயம் சுத்தமாகத்தானே இருந்தது! அறிக்கைத் தாளில் 'நன்று' என்று எழுதி, அவருக்கு முன் படுத்திருந்தவரின் எண்ணையே இவருக்கும் போட்டேன். பயம் என்றே வைத்துக்கொள்வோம். 'மறுபரிசோதனை தேவை' என்று எழுத எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அதற்கு எனக்குக் கை வரவில்லை.

தீபாவளி முடிந்து அதே இடத்தில் மறுமுகாம். மாரிச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் வந்தாள். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் வேலை பார்ப்பவள். கையில் நான் எழுதிய தாள். லேமினேசன் செய்திருந்தாள்.

"நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீகல்ல சார், நனஞ்சிரக் கூடாதுன்னு எங்க ஆபீசுலயே போட்டேன். காலண்டர் பக்கத்துல மாட்டியிருந்தோம்."

அவள் நிறுத்தவில்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னாரு சார். இதக் காட்டித்தான் வஞ்சேன். மிசினுல படுத்துப் பாத்தாச்சு, வாயுவாத்தான் இருக்கும், சோடாவக் குடிச்சிட்டு வேலைக்குப் போங்கன்னேன். போனாரு... அந்தச் செம்புத் தகட்டுக்கிட்டயே விழுந்துட்டாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகையில உசுரு இல்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நாந்தான சார் கொன்னுட்டேன்?"

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. நான் சொன்னது இதுதான்: "உங்க மேல என்னம்மா தப்பு? சில பேருக்குத் திடீர்னு இப்படி வந்துரும்."

அவள் மேல் தப்பில்லை என்ற வரைக்கும் உண்மை. யார் மேல் என்பதை விழுங்கிவிட்டேன். அவள் என்னை நம்பவில்லை. தாளை முந்தானையால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேனேஜர் விரட்டினார்... டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்... மறுபரிசோதனை என்று எழுதியிருந்தாலும் மாரிச்சாமி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று என்ன நிச்சயம்? சீ! எத்தனை சாக்குகள்! சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. போயிருப்பாரோ மாட்டாரோ, அதை முடிவு செய்ய நான் யார்?

கணவனைக் கொன்றவள் என்று ஒருத்தி தன்னைத்தானே நினைத்துக்கொண்டு அந்த ஊரில் இருக்கிறாள். அந்தப் பழி என்னுடையது. விருதுநகரிலிருந்து எம். புதுப்பட்டி அப்படி ஒன்றும் தூரமில்லை, பேருந்து இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.