எனக்கு மட்டும் வந்த உத்தரவு

அவர் இரண்டு சூட்கேஸ்கள் வாங்கி வந்த சாயங்காலம்தான் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வரும். திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கியிருந்தார். பஸ்ஸின் மேலே போட்டால் கீறல் விழும் என்று ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு தென்காசி வரை வந்திருந்தார். பெரியது அவருக்கு, சிறியது எனக்கு. மெட்ராஸில் நேர்முகத் தேர்வே இன்னும் நடக்கவில்லை. அழைப்பு வந்ததையே பெரிய விஷயமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ கூடத்தில் பெட்டிகளைத் திறந்து வைத்து, எந்தப் பக்கம் புத்தகம், எந்தப் பக்கம் துணி என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். என் மாமியார் அடுக்களை வாசலில் நின்று, "நைஜீரியாங்கது துபாய்க்கு இங்கிட்டா, அங்கிட்டா?" என்று கேட்டார். "அங்கிட்டும்மா. ரொம்ப அங்கிட்டு," என்றார் என் கணவர். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. பின்னால் நடந்தவற்றை நினைத்து அதையும் பொய்யாக்கிவிட நான் பல வருடம் முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

நான் தென்காசிக்காரி இல்லை. திருவாரூர்ப் பக்கம். அப்பா இறந்ததும் அண்ணன் வீட்டில் என் இருப்பு ஒரு விருந்தாளியின் இருப்பாகச் சுருங்கியபோது, எங்கே வேலை கிடைத்தாலும் போவது என்று விண்ணப்பம் போட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெண்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்தேன். வந்து இறங்கியது ஜூன் மாதம். வெயிலும் அடித்தது, மழையும் தூறியது. குடை பிடித்தவர் ஒருவரும் இல்லை. "இது மழை இல்ல டீச்சர், சாரல்," என்று பள்ளி ஆயா சொன்னது எனக்கு அந்த ஊரின் முதல் பாடம். கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் ஆளைத் தள்ளும் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த வாரத்திலேயே, இனி எனக்கு ஊர் என்று ஒன்று உண்டென்றால் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். என் பேச்சில் அங்கன, இங்கன எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஒருமுறை, நீ என்ன பேசுகிறாய் என்றே புரியவில்லை என்று கேலி செய்தான். எனக்கு அதில் பெருமைதான்.

ஆண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த அவர், ஓர் அறிவியல் கண்காட்சியில் என்னைப் பார்த்துப் பழகி, தானே வந்து பெண் கேட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. சீசன் தொடங்கியதும் அத்தை என்னைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய் அருவியில் நிறுத்தி, ஈரத்தோடு குற்றாலநாதர் சன்னதிக்குக் கூட்டிப்போவார். எட்டு சீசன் அப்படிப் போனேன். அருவி தலையில் விழும்போது எதுவும் கேட்காது என்பதால் எனக்கு அது பிடித்தே இருந்தது. ஊர் கேட்ட கேள்வியெல்லாம் என்னிடம்தான் வந்தது. அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

வெளிநாட்டு ஆசை முழுக்க அவருடையது. அந்த நாளில் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கு இங்கிருந்து ஆசிரியர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக இருந்தால் சேர்த்தே எடுப்பார்கள், அதனால் என்னையும் விண்ணப்பிக்கச் சொன்னார். இரவுச் சாப்பாடு ஆனதும் பழைய அட்லஸை விரித்து நைஜர் ஆற்றின் மேல் விரலை ஓட்டிக் காட்டுவார். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகுவார். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் பாடம் நடத்துவது எப்படி என்பதை எனக்கே பாடமாக நடத்துவார். நான் ரசம் கரைத்துக்கொண்டே கேட்பேன்.

மெட்ராஸில் ஒரு ஓட்டல் அறையில் தேர்வு நடந்தது. நைஜீரிய அதிகாரிகள் இரண்டு பேர். எங்களைச் சேர்த்தே உட்காரவைத்தார்கள். மூத்தவர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார்: எந்தக் கருவியும் இல்லாத வகுப்பில், ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்கு அவர் செய்துகாட்டுவதுதான் அது. அவருடைய மாணவர்கள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அன்று அவர் வாய் திறக்கவில்லை. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நான் சொன்னேன். துளையிட்ட மூன்று அட்டைகள், ஒரு மெழுகுவர்த்தி, ஓர் அட்டையை மட்டும் கொஞ்சம் நகர்த்தினால் வெளிச்சம் மறைந்துவிடும் என்று, அவர் எனக்குச் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அந்த அதிகாரி சிரித்து, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வந்த கேள்வியெல்லாம் எனக்குத்தான்.

திரும்பி வரும்போது ரயில் மதுரையைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "நல்லா பேசினே," என்றார். அவ்வளவுதான். நான் பேசியது தப்பு என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. பேசாமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே வீட்டில் இருந்திருப்போம், அதுதானே நல்லது என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்லதாக இருந்திருக்கலாம்.

உத்தரவு எனக்கு மட்டும் வந்தது. முதல் இரண்டு நாள் அவர் அதைச் சிரித்தே சமாளித்தார். "அவ போறா, நான் அடுப்படியப் பாத்துக்கிடுதேன்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் யாரோ, "என்ன சார்வாள், வீட்டம்மா பணம் அனுப்புவாகளா, இல்ல நீங்க மனுப் போடணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "வரலன்னு எழுதிப் போட்டுரு. அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்." எழுத மாட்டோம் என்பது எனக்குத் தெரியும். அவர் இனி எந்த அறையிலும் அப்படிப் போய் உட்கார மாட்டார். அது மட்டுமில்லை. அத்தனை வருடம் அட்லஸைக் காட்டிக் காட்டி, அந்த ஆசையை அவர் எனக்கும் தொற்ற வைத்திருந்தார். நான் போகிறேன் என்றேன். அவர் கைகால் கழுவப் போனார். அந்த வீட்டில் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சம்பளமில்லா விடுப்புக்குப் பள்ளி நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ராஜினாமா செய்தேன். எங்கள் தெருவில் பல வீடுகளின் ஆண்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். ஒருவர் கிளம்பினால் தெருவே கூடும், வேன் வைத்துத் திருவனந்தபுரம் வரை போய் வழியனுப்பும். ஒரு பெண் போகிறாள் என்றதும் அதே தெரு கதவைச் சாத்திக்கொண்டது. அத்தை மட்டும் நேராகக் கேட்டார். அரிசி களைந்துகொண்டே, கோபமில்லாமல், சந்தையில் விலை கேட்பதுபோலக் கேட்டார். "ஏட்டி, நீ திரும்பி வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ. மாட்டேன்னா நான் அவனுக்கு வேற பாக்கணும்லா." வருவேன் அத்தை, ரெண்டு வருசம்தான் என்றேன். "சரி," என்று அரிசியை உலையில் போட்டார்.

கிளம்பிய நாளில் எதிர் வீட்டு அக்கா ஒருத்திதான் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். அவருடைய கணவர் பன்னிரண்டு வருடமாக துபாயில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் வந்து போவார். குதிரை வண்டி ஆண்கள் பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். திடலில் வாத்தியார்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பந்தோடு என் கணவர் நின்றார். வண்டியைப் பார்த்தார். மடியிலிருந்த சிறிய சூட்கேஸையும் பார்த்திருப்பார். பிறகு திரும்பிப் பந்தை அடித்தார். எதிர்ப்பக்கம் யாரோ தவறவிட்டிருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் வண்டியோடு கொஞ்ச தூரம் வந்தது. அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

கொல்லம் மெயில் வரும்வரை அக்கா என் கையை விடவில்லை. "எங்க வீட்டாளும் இப்படித்தான் ஒத்தையில போனாக," என்றார். "ஆனா அவுகளுக்குத் திரும்பி வாரதுக்கு நான் இருக்கேன். ஒனக்கு யாரு இருக்கா?" எனக்குக் கோபம் வந்தது. ஊரே இருக்கு அக்கா என்றேன். வண்டி நகர்ந்தபோது மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. மெட்ராஸ், பம்பாய், பிறகு விமானத்தில் முன்பின் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் ஓர் இரவு. இறங்கிய இடத்தில் என் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, உங்கள் கணவர் எங்கே என்று கேட்டார். பின்னால் வருகிறார் என்றேன்.

நைஜீரியாவின் வடக்கே ஒரு சிறிய ஊர். வருடத்தில் சில மாதம் பாலைவனத்துப் புழுதி வந்து வானத்தை மூடும். நாக்கில் எப்போதும் மண் இருக்கும். தனியாக இருக்கும்போது தென்காசிப் பேச்சைச் சத்தமாகப் பேசிக்கொள்வேன், மறந்துவிடக் கூடாது என்று. மாதம் தவறாமல் அவருக்கு எழுதினேன். முதலில் அத்தையின் சேதியாக இரண்டு வரி வந்தது. பிறகு அதுவும் நின்றது. கோபம், நேரில் போனால் தணியும் என்று நினைத்தேன். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. எங்கள் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லை. இரண்டு வருடமும் முதல்வரை விடாமல் கேட்டு, தேர்வு எதுவும் இல்லாமல் அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறும் என்பதை வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

தெருவில் வண்டி நின்றதுமே எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "இங்கன வா. மொதல்ல எங்க வீட்டுக்கு வா," என்று என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார். "ஆலங்குளத்துப் புள்ள. போன தையில முடிச்சாக. ஒனக்கு எப்படிச் சொல்லி அனுப்பன்னு தெரியல." அக்கா வீட்டு ஜன்னல் வழியாக என் வீட்டு வாசலைப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கொடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் இருக்கும். களைத்து ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயிற்றைப் பார்த்ததும் எட்டு சீசனும் ஒன்றாக என் தலையில் விழுந்தது போல் இருந்தது. தெருவைத் தாண்டிப் போகாமல், வந்த வண்டியிலேயே குற்றாலத்துக்குப் போய் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன்.

மறுநாள் காலை அத்தை, வண்டிக்காரரிடம் லாட்ஜை விசாரித்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்தார், கையில் தூக்குவாளியும் மஞ்சள் பையுமாக. என்னைப் பார்த்ததும், "மெலிஞ்சு போயிட்டியே," என்றார். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "நீ மனு கினுன்னு போனா அவன் வேலை போயிரும். புள்ள வேற வரப்போவுது. நீ நல்லா சம்பாதிக்கே. ஒனக்கென்ன."

"ரெண்டு வருசத்துல வருவேன்னு சொல்லிட்டுத்தானே அத்தை போனேன்."

"சொன்னே. ரெண்டு வருசம் ஒரு ஆம்பள ஒத்தையில எப்படி இருப்பான்?"

"எதிர் வீட்டு அக்கா பதினாலு வருசமா இருக்காங்களே."

அத்தை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவ பொம்பளல்லா," என்றார்.

மனு கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அதைக் கேள்விப்பட்டவர்கள் என்னைப் பெருந்தன்மைக்காரி என்கிறார்கள். பெருந்தன்மை இல்லை. வேலை போயிருந்தால், தன் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று அவர் சாகும்வரை ஊருக்குச் சொல்லித் திரிவார். அந்த வசதியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவருக்காக வாங்கி வைத்திருந்த வேலையைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு பல வருடம் அந்தப் புழுதியிலேயே இருந்தேன். இப்போது திருச்சியில் இருக்கிறேன். இங்கேயும் என் பேச்சைக் கேட்டவர்கள், நீங்க திருநெல்வேலிப் பக்கமா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன்.

அன்று அந்த லாட்ஜ் அறையில் அத்தை தூக்குவாளியைத் திறந்தார். தேங்காய்ப்பால் சொதி வைத்துக் கொண்டுவந்திருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைப்பது. எனக்குப் பிடிக்கும் என்பதற்காக வைத்தது. பசித்தது, சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, "வந்தது வந்தேன், ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போறேன்," என்று அவர் அருவிக்குக் கிளம்பினார். கூடப் போனேன். மாற்றுச்சேலை வைத்திருந்த பையை என் மடியில் வைத்துவிட்டு அருவிக்குள் போனார். வெகுநேரம் நின்றார். வந்ததும் நான் சேலையை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் உடுத்திக்கொண்டார். "தண்ணி நல்லா விழுது. நீயும் ஒரு தரம் நின்னுட்டு வாயேன்," என்றார். வேண்டாம் என்றேன்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி. வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, "போய்ச் சேந்ததும் வீட்டுக்கு ஒரு காயிதம் போடு, கேட்டியா," என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பஸ் தென்காசி ரோட்டில் திரும்பிவிட்டது.