சகாயராணி டீச்சரும் பூட்டிய பெட்டியும்

சகாயராணி விசில் ஊதினால் திண்டுக்கல் மலைக்கோட்டை மேலே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஜோடிகள் எழுந்து அட்டென்ஷனில் நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் போகட்டும்.

பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்கள் கல்லூரியில் என் கூடப் படித்தவள். சனிக்கிழமை தோறும் ஒரே சைக்கிளில் அகரம் வரை போய்க் கொய்யாப்பழம் வாங்குவோம். மிதிப்பது அவள், தின்பது நான். அந்த மண் ரோட்டில் பூவாசத்தோடு சேர்ந்து வந்த அவளுடைய சிரிப்பை இன்றைக்கும் மூக்கால் முகர முடியும்.

கணக்கு வாத்தியார் ஜெரோமைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய விசிலுக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கோயில் சமுதாயக்கூடத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் உட்கார்ந்திருந்த ஜெரோம் அப்படியே சரிந்தார். சோடா தெளித்தார்கள், விசிறினார்கள். கூடத்துப் பொறுப்பாளர் கஸ்பார், வலிப்பு என்று நினைத்துத் தம் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "நின்ன இதயத்துக்கு ஷாக் குடுக்கிற மெஷின் அங்கயே இருந்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்மா" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் விடவே இல்லை. ஒவ்வொரு மண்டபத்திலும், மில்லிலும், பஸ் ஸ்டாண்டிலும் அந்த மெஷினைக் கட்டாயமாக்க வேண்டும் என்று திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். "தீயை அணைக்க சிலிண்டர் வைக்கணும்னு சொல்றீங்கள்ல? மனுசன் அணைஞ்சா மட்டும் பரவால்லயா?" என்று கேட்டாள். சட்டம் வரவில்லை. ஆனால் போன வருஷம் கூடத்துக் கமிட்டி மட்டும் ஒரு மெஷின் வாங்கிச் சுவரில் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியது.

மறுநாளே கஸ்பார் அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்.

"ஏண்ணே, இதைப் பூட்டக் கூடாதுண்ணே!"

"திண்டுக்கல்லுல பெறந்துட்டு இப்படிப் பேசலாமா டீச்சர்? அம்புட்டு வெலப் பொருளு. எவனாவது தூக்கிட்டுப் போனா கமிட்டிக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

"அன்னிக்குச் சாவி இருந்துச்சு, பெட்டி இல்ல. இன்னிக்குப் பெட்டி இருக்கு, சாவி உங்க இடுப்புல இருக்கு."

கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூட்டு அப்படியே இருந்தது.

தை மாதம் அங்கே ஒரு கல்யாணம். நானும் அவளும் பந்திக்குக் காத்திருந்தோம். சமையல்காரர் சோலைமலை அடுப்படியில் விழுந்தார். மூச்சு இல்லை. கஸ்பாரோ சாவிக்கொத்தோடு வடமதுரையில் ஒரு துக்க வீட்டில்.

"ஒருத்தர் நூத்தியெட்டுக்கு அடிங்க!" என்று கத்திக்கொண்டே சகாயராணி அவர் மார்பை அழுத்த ஆரம்பித்தாள். தவில்காரர் அழகுராஜாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "தம்பி, தவிலுக்கு மாட்டுன விரல் கூட்டைக் கழட்டு. கெட்டிமேளம் வேணாம், நடையா, விடாம அழுத்து!"

அவர் அழுத்த, இவள் ஓடினாள். தாம்பூலப் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து ஓங்கி அடித்தாள். கண்ணாடி எரியோடு ஊர் வரைக்கும் தெறித்தது. தேங்காய் உடையவில்லை.

மெஷினோடு ஓடிவந்து, சோலைமலையின் சட்டையைக் கிழித்து, வியர்வையைத் துடைத்து, அதன் பட்டைகளை மார்பில் ஒட்டினாள். "யாரும் தொடாதீங்க!" மெஷின் அவரை ஒருமுறை உதறியது. மறுபடி அழுத்தல். இரண்டாவது உதறலுக்குப் பிறகு சோலைமலை முனகினார். "வெஞ்சனம் அடிப்பிடிச்சிருச்சா?" என்றுதான் என் காதில் விழுந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு, சிந்திய சாம்பாரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏழு வருசம் பிந்திட்டேன்டி" என்றாள். ஜெரோமுக்காக அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கஸ்பார் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். பூட்டுப் போடவில்லை. ஆனால் மனசு கேட்குமா? பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காலையிலிருந்து காவல் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டுமானால் டீச்சருக்குப் போன் அடிக்கிறார்.

"செத்த நேரம் வந்து உக்காருங்க டீச்சர், வந்துர்றேன்."

அவளும் திட்டிக்கொண்டே போகிறாள்.