ப்ளாஷென்காவின் தலையாட்டல்

எங்கள் ஸாக்ரெப் ஆய்வுக்கூடத்தில் அயனி முடுக்கி ஒன்றுதான். அதற்கு உறவுக்காரர்கள் ஐரோப்பா முழுக்க. முடுக்கி இல்லாத கூடத்துக்காரர்கள் விண்ணப்பித்துக் காத்திருந்து, முறை வந்ததும் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அத்தனை பேருக்கும் முடுக்கியின் அயனிக் கற்றையை ஓட்டித் தந்தவர் ப்ளாஷென்கா. வாய் கொஞ்சம் நீளம். காலைக் காப்பி உள்ளே போகாமல் பொத்தானைத் தொடமாட்டார்.

சோஃபியா நகரத்திலிருந்து ஸ்வெத்தானா வந்தபோது நானும் உதவிக்கு இருந்தேன். அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு மெல்லிய படலம். முனைவர் பட்டமே அதை நம்பித்தான். அவள் கற்றைக் குழாயின் முனையில் நின்றாள், ப்ளாஷென்கா கண்ணாடிக்கு இந்தப்புறம். பம்புகளின் இரைச்சலில் பேச்சு கேட்காது. கற்றையைக் கூட்டட்டுமா என்று ப்ளாஷென்கா கட்டைவிரலை உயர்த்தினார். அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். கூட்டினார். அவள் இன்னும் பலமாக ஆட்டினாள். இன்னும் கூட்டினார். படலம் கருகிவிட்டது.

ஸ்வெத்தானா ஓடிவந்தாள். “வேணாம் வேணாம்னு தலையாட்டினேனே அக்கா!”

“அடிப்பாவி, அது ஆமாங்கிறதில்லையா?”

“எங்க ஊர்ல அதுதான் இல்லைங்கிறது!”

சொல்லிவிட்டு அழுதாள். அடுத்த முறை வருவதற்குள் அவளுடைய உதவித்தொகை முடிந்துவிடும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ப்ளாஷென்கா நேரே இயக்குநரிடம் போனார். “பழுது பாக்கறதுக்குன்னு எனக்கு ஒதுக்கின நாள்ல அவ வரட்டும்.”

“மெஷின் நின்னுபோச்சுன்னா?”

“என்னைத் திட்டுங்க. எப்படியும் திட்டத்தானே போறீங்க.”

இலையுதிர்காலத்தில் ஸ்வெத்தானா புதுப் படலத்தோடு வந்தாள். ப்ளாஷென்கா அவள் பக்கத்தில் ஒரு தொலைபேசியை மாட்டி வைத்திருந்தார். “வாயத் தொறந்து சொல்லணும். தலை ஆடுச்சு, கயிறு போட்டுக் கட்டிருவேன்.” படலம் பிழைத்தது, பட்டமும் கிடைத்தது.

பல வருடம் கழித்து, ப்ளாஷென்காவின் பணிநிறைவு விருந்துக்கு ஸ்வெத்தானா தன் ஊர்ப் பலகாரமான பானிட்ஸாவைத் தன் கையால் சுட்டு எடுத்துவந்தாள். எல்லோர் முன்னிலையிலும் இயக்குநர் கேட்டார்: “இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போகலாமே?”

ப்ளாஷென்கா ஸ்வெத்தானாவைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக, மேலும் கீழும் ஆட்டினார். கூடமே கைதட்டியது. இயக்குநர் கோப்பையை உயர்த்தினார்.

ஸ்வெத்தானா மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கைதட்டவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நான்தான் உட்கார வேண்டும்.