உள்ளே மட்டும் போகும் தடம்

யாழ்ப்பாண பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால், சப்பாத்துக் கடையில் நின்ற பெண் வாசல்வரை வந்து, "அண்ணை, நில்லுங்கோ, இன்னும் குறைச்சுத் தரலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவம், விலையில் ஒரு பிழையும் இல்லை. என் கைக்கு அடங்கிய விலைதான். சீனி வருத்தம் வந்த பிறகு டொக்டர் தினமும் கொஞ்சத் தூரம் ஓடச் சொல்லியிருக்கிறார். "வெறும் செருப்போட ஓடாதையுங்கோ, அடி மெத்தெண்ட சப்பாத்தாப் பாத்து வாங்குங்கோ" என்றார். இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இருந்தாலும் போனேன். ஒரு சோடியை எடுத்துக் குதிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினேன். அடிப்பஞ்சு உள்ளே அமிழ்ந்து, மூச்சு விடுவதுபோல மெதுவாக மேலே வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். றப்பரும் பசையும் கலந்த அந்த மணம். அவ்வளவுதான். வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சப்பாத்தை முகர்ந்துவிட்டு ஓடியவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். பஸ் வரட்டும், அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபதைத் தாண்டிய வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். வவுனியாவில் அரிசி ஆலை, மன்னாரில் உப்பளம், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி என்று சுற்றிவிட்டு, ஊர்காவற்றுறையில் வீதி போடுகிற வேலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். கல்லும் தாரும் சுமப்பது. படுக்கை நாரந்தனையில் ஒரு பூட்டிய கடையின் பின்னறையில். எலிகள் என்னைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. நானும் அவற்றைக் கவனிக்கவில்லை.

அங்கேதான் அந்தச் செய்தி காதில் விழுந்தது. கப்பல்களுக்குக் காவலாள் அனுப்புகிற ஒரு கம்பனி யாழ்ப்பாணத்தில் ஆள் எடுக்கப்போகிறது. சோதனைப் பெறுபேறு தேவையில்லை. ஒரு மைதானத்தில் ஓடவிடுவார்கள். விசில் ஊதுவதற்குள் ஓடி முடித்தவனுக்கு வேலை. படிப்பைக் கேட்காமல் காலை மட்டும் பார்க்கிற உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எந்த வேலைக்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஒரு கப்பலின் மேல்தட்டில் நின்று, எங்கே போகிறதென்று தெரியாத கடலைப் பார்ப்பதாகக் கனவுகூடக் கண்டேன்.

விடியப்புறம் எழும்பி ஓடத் தொடங்கினேன். சில நாளிலேயே வலது குதிக்கால் விண்விண்ணென்று வலித்தது. கல் சுமந்த கால் அல்லவா. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒன்று வாங்கிப் போட்டேன். அதில் ஓடுவதும் கடதாசியைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவதும் ஒன்றுதான். பிறகு பஸ் நிலையத்தருகே படங்கு விரித்துக் குவித்து விற்றவரிடம் மெத்தென்ற ஒரு சோடி எடுத்தேன். கையால் அழுத்தும்போது நல்லாய்த்தான் இருந்தது. மாதம் முடிவதற்குள் அடிப்பஞ்சு நேற்றைய அப்பம் மாதிரித் தட்டையாகிவிட்டது. நல்ல சப்பாத்து வாங்கச் சம்பளம் காணாது. இப்போது கேட்டால் நான் நிறையச் சொல்லுவேன்: கால் வீங்கியிருக்கிற பின்னேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள், முன்விரலுக்கு ஒரு பெருவிரல் அகலம் இடம் விடுங்கள், துணியைப் பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள், எல்லாவற்றிலும் முக்கியமாக மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள் என்று. அந்தக் கடைசிப் புத்தி எங்கே வந்ததென்பதுதான் கதை.

நான் ஓடுகிற வீதியின் இருபுறமும் வீடுகள். கல்வீடுகள், ஓட்டு வீடுகள். சண்டைக் காலத்தில் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. கனடாவிலும் சுவிஸிலும் இருந்தார்கள். வேலிகளில் கிளுவை தழைத்திருந்தது. படலைகள் சாத்தியிருந்தன. உள்ளே ஒரு இருமல் சத்தமில்லை, ஒரு பாத்திரச் சத்தமில்லை. ஆனால் முற்றங்கள் மட்டும் பெருக்கியிருந்தன. விளக்குமாற்றின் வரிகூடக் கலையாத வெள்ளை மணல்.

நல்ல சப்பாத்துக்கு ஏங்குகிறவன் நிலத்தைப் பார்த்துத்தான் நடப்பான். ஒருநாள் ஒரு படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது அந்த மணலில் சப்பாத்துத் தடம் கண்டேன். ஓட்டச் சப்பாத்தின் தடம். இங்கே விற்கிற சாமான் இல்லை. படலையிலிருந்து நேரே வாசற்படிக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. கதவில் பெரிய பூட்டு.

அடுத்த நாள் முற்றம் புதிதாகப் பெருக்கப்பட்டிருந்தது. மறுபடியும் தடம். மறுபடியும் உள்ளே மட்டும். பக்கத்து வளவில் வேறொரு சப்பாத்து, அதுவும் உள்ளே மட்டும். இன்னொன்றையும் கவனித்தேன். தடம் பெரிய ஆம்பிளையின் அளவு, ஆழமோ கோழி நடந்த ஆழம். பாரமில்லாத ஒரு பெரிய மனிதன் தினமும் அந்த வீட்டுக்குள் போகிறான், வெளியே வருவதில்லை. அந்த இடம் வந்தால் குதிக்கால் வலியை மறந்து நான் பறந்தது உண்மை. பயிற்சிக்கு அது நல்லதுதான்.

ஒரு மழைக்குப் பிறகு அந்தப் படலை திறந்து கிடந்தது. என்ன துணிச்சலோ, உள்ளே கால் வைத்தேன். வீட்டு மூலையைச் சுற்றி ஒரு உருவம் வந்தது. நான் கத்தினேன். அதுவும் கத்தியது. பிறகு பார்த்தால், ஒரு சின்ன மனுசி. கையில் விளக்குமாறு. காலில், கயிறு போட்டுக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டிய இரண்டு பென்னம்பெரிய சப்பாத்துகள்.

"கடவுளே, நீரே அந்தப் பேய்?" என்றார் அவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

"நானோ? நீங்களெல்லோ அக்கா பேய்!"

"விடியப்புறத்தில ஒண்டு மூச்சிரைக்க மூச்சிரைக்க ஓடுதெண்டு சனம் கதவு திறக்கப் பயந்துகிடக்கு. பேய்க்கு என்னத்துக்கு மூச்சிரைக்குதெண்டு நான் அப்பவே யோசிச்சனான்."

அவர் பெயர் ஞானம். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் கூரை ஓடும் கதவுநிலையும் இரவோடு இரவாகப் போய்விடுகிற காலம் அது. "வெறுங்கால் தடமெண்டா முத்தம் கூட்ட வந்தவளின்ர எண்டு கள்ளருக்கு விளங்கும். சப்பாத்துத் தடமெண்டாத்தான் வெளிநாட்டுச் சனம் வந்து நிக்குதெண்டு நினைப்பினம். வெளிய வந்த தடம் இருக்கவே கூடாது, தம்பி. போன தடம் மட்டும் கிடந்தா, ஆள் உள்ளுக்க." வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரத்துச் சீமெந்தில் நடந்து குசினிப் பக்கம் போய், வேலியோரத்து ஓலைச் சருகில் கால் வைத்து வெறுங்காலோடு வெளியேறுவாராம். தீவில் இன்னும் சிலர் இதே முறையில்தான் வீடு காத்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

நான் எதற்கு ஓடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். காலைப் பார்த்தார். "ஓடுறது ஓடுறீர், உந்த முத்தங்களுக்குள்ளாலயும் ஓடுமன். எனக்கு முழங்கால் ஏலாது. சப்பாத்து நான் தாறன்."

பூட்டைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப்போய், ஒரு அலுமாரியைத் திறந்தார். அதற்குள் வரிசையாகச் சப்பாத்துகள். ஊர் பார்க்க வருகிற பிள்ளைகள் திரும்பும்போது பெட்டிக்குள் ஒடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் அடைப்பதற்காகச் சப்பாத்தை விட்டுவிட்டுப் போவார்களாம். அந்த றப்பர் மணம் பூட்டிய அறைக்குள் கனத்து நின்றது. புதிது போலிருந்த ஒன்றைத் தூக்கினேன்; அடி பொடிப்பொடியாக என் கால்மேல் உதிர்ந்தது. போடாமல் வைத்தால் சப்பாத்தும் செத்துப்போகும். நீல நிறத்தில் ஒன்று மட்டும் உயிரோடிருந்தது. அழுத்தினேன், மேலே வந்தது. என் காலுக்கு அளந்து செய்ததுபோலப் பொருந்தியது. நிலத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தபோது இடது சப்பாத்து வெளிப்பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. கண்டேன்தான். சும்மா கிடைக்கிற சப்பாத்தில் சரிவு பார்க்க எனக்கென்ன பைத்தியமா?

அதன் பிறகு ஓட்டம் வேறு மாதிரி. குதிக்கால் வலி போன இடம் தெரியவில்லை. சத்தமும் போய்விட்டது. என் காலடி எனக்கே கேட்கவில்லை. படலையால் நுழைந்து, படிவரை ஓடி, கழற்றி, பின்பக்கத்தால் வெளியேறி, அடுத்த வளவு. கடைசி வீட்டை முடித்து வீதியில் நின்று திரும்பிப் பார்த்தால், எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது போலிருக்கும். போட்டவன் நானென்று தெரியும். ஆனாலும் உள்ளே யாரோ இருப்பதாக உடம்பு நம்பும். ஒருநாள் என்னை அறியாமல் ஒரு கதவைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டுப் பதிலுக்கு நின்றேன் என்பதுதான் இன்னும் கேவலம்.

பிறகொரு காலை. பின்னால் ஒரு மீன்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"டேய் சுதன்! எப்பயடா வந்தனீ?"

திரும்பினேன். அவர் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, என் முகத்தையே பார்த்தார். "இல்லை... பின்னால பாக்கேக்க... அந்த நடை..." என்றார். சிலுவை போட்டுக்கொண்டார். மீன்பெட்டி ஆட ஆட, மணிகூட அடிக்காமல் போய்விட்டார்.

ஞானமக்காவிடம் கேட்டேன். அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. "நீர் போட்டிருக்கிற சப்பாத்துக்காரன்தான் சுதன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான், சின்னனிலை விழுந்த காயம். வந்திட்டுப் போய் அடுத்த பனிக்கே நெஞ்சு நிண்டு செத்துப்போனான். தாய் தனியக் கிடக்கு கனடாவில."

நான் ஓடிவந்த தடத்தைக் குனிந்து பார்த்தேன். வலது கால் சுத்தமாகப் பதிந்திருந்தது. இடது காலுக்குப் பின்னால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன இழுவை. தேய்ந்த சப்பாத்து தன் பழைய ஆளின் நடையை வைத்திருக்கும். அதற்குள் கால் வைத்தவனை அப்படியே நடத்தும்.

அந்தக் கிழமை கனடாவிலிருந்து அந்த அம்மா வீடியோவில் கூப்பிட்டார். ஞானமக்காவுக்குக் கண் மங்கல். போனை நான்தான் பிடித்து, என் தடம் கிடந்த அவர் வீட்டு முற்றத்தைக் காட்டினேன். திரையில் அவர் முகம் கிட்ட வந்து, அப்படியே நின்றது. படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"ஞானம்," என்றது குரல், "இண்டைக்கு முத்தத்தைக் கூட்டாதை."

ஓட்டப் பரீட்சைக்கு அந்தச் சப்பாத்தையே கொண்டுபோனேன். வேறு இல்லை. மைதானத்தின் புழுதியில் நின்று கட்டும்போது, இது என் ஓட்டம், என் காலால்தான் ஓடவேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. கழற்றிவிட்டு வெறுங்காலோடு கோட்டில் நின்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். விசில் ஊதியது, ஓடினோம். முதல் சுற்று முடிந்து என் தடத்தின் மேலேயே திரும்பி வந்தபோது பார்த்தேன். வெறுங்கால் தடம், இடது காலுக்குப் பின்னால் இழுவை. நேராக வைக்க முயன்றேன். கால் கேட்கவில்லை. முயல முயல வேகம் குறைந்தது. நான் கோட்டைத் தொடுவதற்கு முன்பே விசில் ஊதிவிட்டது. நல்லாகத்தான் ஓடினீர், காலில் என்ன என்று கேட்டார் ஆளெடுக்க வந்தவர். ஒன்றுமில்லை என்றேன். கப்பல் போய்விட்டது.

பின்னேரம் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க நாரந்தனைக்குப் போனேன். ஞானமக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை நீட்டினார்.

"தம்பி, ஓட்டம் என்ன மாதிரி? எடுத்தவையோ?" சுதனின் தாய்.

"இல்லையம்மா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பாரம் இறக்கியவர் விடுகிற மூச்சு.

"அது நீர்தான் எண்டு எனக்குத் தெரியும், தம்பி. நான் விசரியில்லை. எண்டாலும் விடிய எழும்பின உடன அந்தக் கால் வீட்டுக்குள்ள போயிருக்கிறதைப் பாக்கவேணும் போல கிடக்கு. நீர் கப்பலுக்குப் போயிடுவீரோ எண்டு ராத்திரி முழுக்க நித்திரையில்லை. சம்பளம் அனுப்பிறன். நாளைக்கும் வருவீர்தானே?"

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம். நான் தோற்றதில் அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை அதற்குப் பிறகு கண்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த வீதியால் பஸ்ஸில் போனால் அந்த முற்றங்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் சீமெந்துக் கல் பதித்துவிட்டார்கள். கல்லில் யாருடைய காலும் பதியாது. கிளுவை வேலி இருந்த இடத்தில் மதில், மதிலில் கமரா. ஞானமக்கா இல்லை. அந்த அம்மாவும் இல்லை, வீடு கைமாறிவிட்டது. விடியப்புறத்தில் பயந்து கதவைச் சாத்துகிற சனமும் இல்லை. என் இடது கால் மட்டும் ஈரமான நாட்களில் கொஞ்சம் இழுக்கிறது. சீனி வருத்தத்தால் என்கிறார் டொக்டர். இருக்கலாம்.

அன்று, ஓட்டத்தில் தோற்றதற்கு அடுத்த நாள் விடிய, நான் வீதி வேலைக்குப் போகவில்லை. ஞானமக்கா முற்றத்தைக் கூட்டி முடித்து, ஒதுங்கி வேலியோரம் நின்றார். நான் நீலச் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டினேன். ஓடவேண்டாம், நடந்தால் போதும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்; வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வருகிறவன் நடந்துதான் வருவானாம். படலையைத் திறந்து, வேலையைத் தொடங்கினேன்.