லேட்டாக வரும் பஸ்

திருப்பூரிலிருந்து சோமனூர் வரும் சாயங்கால பஸ்ஸில் அந்த அக்காவோடு இரண்டு வருஷம் வந்திருக்கிறேன். அவர் பனியன் கம்பெனியில் டைலர். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத்தூள் ஒட்டியிருக்கும். சோமனூரில் இறங்கியதும் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுவார். ஆனால் வீட்டுக்குப் போக மாட்டார். எதிர் பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு கால்மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். செல்போனைக்கூடத் தொடமாட்டார்.

இத்தனைக்கும் கம்பெனி வேன் அவர் வீட்டு வழியாகத்தான் போகும். "ஏனுங்க்கா, வேன்லயே போலாமல்லங்க?" என்று ஒருநாள் பேக்கரியில் வைத்துக் கேட்டேன்.

"வேன் ஊட்டு வாசல்லயே நின்னு ஆரன் அடிக்கும் அம்மணி. கம்பெனிய உட்டா நேரா அடுப்படிதான். பஸ்ஸுன்னா, லேட்டாயிப்போச்சுன்னு சொல்லிக்கலாமல்ல?" என்றவர், பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

ஒரு தடவை அவர் வீட்டுக்காரரும் எங்களோடு அதே பஸ்ஸில் வந்தார். இறங்கியதும் வாட்சைப் பார்த்து, "பரவால்லியே, இன்னைக்கு நேரத்துக்கே கொண்டாந்து உட்டுப்போட்டான்," என்றார்.

அக்கா பேக்கரிப் பக்கம் திரும்பவேயில்லை. "ஆமாங்க, அதிசயமாத்தான் இருக்குது," என்றார்.

இப்போது கோயமுத்தூரில் ஆபீஸ் கார் என்னை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது. அந்த அக்காவை நினைத்துக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போகிறேன். எங்கள் கார் ஒருநாளும் லேட்டாவதில்லை.