சம்லியின் பதினெட்டுச் செடிகள்

தாய்லாந்தில் கலாசின் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிள்வண்டு வளர்ப்பவள் சம்லி. வயது நாற்பத்தெட்டு. வீட்டுக்குப் பின்னால் ஒன்பது சிமெண்டுத் தொட்டிகள். வண்டுகளை வறுத்துத் தின்னச் சந்தைக்கு அனுப்புவாள். தொட்டியின் அடியில் சேரும் கறுத்த எச்சத்தை அள்ளி மிளகாய்ச் செடிக்குப் போடுவாள்.

மருந்துக்குக் கஞ்சா வளர்க்க உரிமம் கிடைத்தபோது ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்தார்கள். தலைவி புவாபான். ஆலோசனை சொல்ல நகரத்திலிருந்து விதூன் வந்தான். கூடவே பாட்டில் உரமும் வந்தது.

முதல் கூட்டத்திலேயே சம்லி எழுந்தாள். "பூ விடுற நேரத்துக்கு என் தொட்டி எச்சம் போதும்."

விதூன் சிரித்தான். "அக்கா, இது வறுத்துத் திங்கிற சமாச்சாரம் இல்ல, மருந்து. மருந்துல போய் பூச்சி பீயைப் போடுவாங்களா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். புவாபானும் சிரித்தாள்.

"உன் பாட்டில்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா தம்பி? மேல ஒட்டுன சீட்டுல எழுதினதத்தான் படிக்கிற. என்னுது என்ன தின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். நான்தான் தீனி போட்டேன்" என்றாள் சம்லி. தன் பங்குக்கு வந்த இருபத்திரண்டு தொட்டிச் செடிகளையும் குழுவின் செடிக் கூடாரத்தின் கடைக்கோடிக்கு நகர்த்திக்கொண்டாள்.

அவசரத்தில் ஒரு தப்புச் செய்தாள். நான்கு செடிகளுக்கு ஈர எச்சத்தைக் கை நிறையப் போட்டுவிட்டாள். இலை நுனி கருகி, நகம்போல் வளைந்தது. மண்ணிலிருந்து குட்டி ஈக்கள் கிளம்பின. நான்கும் செத்தன. விதூன் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டினான்.

"நாலு போச்சு. நான்தான் கொன்னேன்" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். "இன்னும் பதினெட்டு இருக்கு."

அதன்பின் எச்சத்தை நன்றாக வெயிலில் காயவைத்தாள். முதல் மொட்டு தெரிந்ததும் அரைப்பிடி, மேல்மண்ணோடு கலந்து. இரண்டு வாரம் கழித்து இன்னொரு அரைப்பிடி. பிறகு தண்ணீர் மட்டும்.

சோதனைக்கு அதிகாரி வரும் நாளில், "கடைசி வரிசையை வெளிய தூக்கி வைங்கக்கா. குழுவுக்கே அசிங்கம்" என்றான் விதூன்.

"தொட்டுப் பாரு." சம்லி செடிகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

வந்த அதிகாரி ஒரு பெண். என்ன உரம் என்று கேட்டாள். சம்லி ஒரு பிடி எச்சத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அந்த அம்மாள் முகர்ந்து பார்த்தாள், முகம் சுளிக்கவில்லை. பூவிலும் மண்ணிலும் மாதிரி எடுத்துக்கொண்டு போனாள்.

முடிவு வந்தது. சம்லியின் பூ தேறியது, மற்றவர்களுடையதும் தேறியது. எடையில் மட்டும் சம்லியுடையது சற்றுக் குறைவு.

"பாத்தீங்களா?" என்றான் விதூன்.

"குறைச்சல்தான். ஆனா அடுத்த நடவுக்கு என் மண்ணு இருக்கு. உங்க மண்ணு இருக்கா?"

பாட்டில் ஊற்றிய தொட்டிகளில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவ்வளவு மண்ணையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தது. சம்லி பழைய மண்ணைக் கிளறிவிட்டு அதிலேயே கன்று நட்டாள். அது தழைத்தது.

ஒரு காலை புவாபான் கூடையோடு வந்து நின்றாள். "சம்லி, கொஞ்சம் எச்சம் குடேன். யாருக்கும் சொல்ல வேணாம்."

"சொல்லணும். கூட்டத்துலதான சிரிச்சீங்க, அங்கயே வந்து கேளுங்க."

புவாபான் முகம் சிவக்கத் திரும்பிப் போனாள். மூன்று வாரம் பேசவே இல்லை. நான்காம் வாரக் கூட்டத்தில், விதூன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் கை தூக்கினார்கள்.

மற்ற நால்வர் இன்றும் பாட்டில்தான் ஊற்றுகிறார்கள். சம்லி அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. ஒன்பதாக இருந்த சிள்வண்டுத் தொட்டிகளை மட்டும் பதினான்காக்கி இருக்கிறாள்.