கதவுக் கைப்பிடியில் கரண்ட்

எண்பதுகளின் நடுவில், டெக்சாஸ் வந்த பிறகு எங்களுக்கு வாய்த்த முதல் லீவு அது. நான், கணவர், நான்கு வயது மகள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, நாங்கள் குடியிருந்த சுகர் லேண்டிலிருந்து ஓர் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே கம்பத்தில் இருந்த பிளக் பாயிண்டிலிருந்து கணவர்தான் ஒயர் இழுத்து வண்டிக்குக் கரண்ட் கொடுத்தார். வண்டியானாலும் நமக்கு அது வீடுதானே. செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டுத்தான் நானும் மகளும் ஏறி இறங்கினோம். சுற்றியிருந்த அமெரிக்கர்கள் ஷூவோடு ஏறினார்கள், ஷூவோடு இறங்கினார்கள்.

மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். சுர்ரென்று முழங்கை வரை இழுத்தது.

"ஏங்க, கதவுல கரண்ட் அடிக்குது."

அவர் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். ஷூ போட்ட காலோடு வந்து கைப்பிடியைப் பிடித்தார். தகரத்தைத் தட்டியும் காட்டினார். "ஒண்ணும் இல்லையே. ஸ்டாட்டிக்கா இருக்கும். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவ."

ஆமாம், பயப்படுவேன். பக்கத்திலேயே மகள் தலை முதல் கால் வரை நனைந்து, மழைத்தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். எந்த நிமிஷமும் டவலுக்காக அந்தக் கதவுக்கு ஓடி வருவாள்.

"ஷூவைக் கழட்டிட்டுத் தொடுங்க, பாப்போம்."

கழற்றவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய், மெட்ராஸிலிருந்து கொண்டு வந்திருந்த டெஸ்டரை எடுத்து வந்து கதவில் வைத்தார். வெயில் மறைக்க உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தார். உள்ளே குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"முதல்ல ஒயரைப் பிடுங்குங்க."

"பிடுங்கிட்டா எங்க லீக்குன்னு எப்படித் தெரியும்? ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணு."

ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துவிட்டு வந்து டெஸ்டரை வைத்தார். ஏசியை அணைத்தார், எரிந்தது. விளக்குகளை அணைத்தார், அப்போதும் எரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. புல்லில் கிடந்த ஒயரைப் பின்தொடர்ந்து போனேன். வண்டியின் பிளக், வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகியிருந்தது. பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின் இல்லை. ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது.

"இந்தப் பின் எங்க?"

"நம்ம எக்ஸ்டென்ஷன்ல ரெண்டு ஓட்டைதான். அதான் கட் பண்ணேன். ஊர்ல யாரு மூணாவது பின்னைப் பாத்தா?"

படித்த படிப்பு இதற்குத்தானா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மகள் கதவை நோக்கி ஓடினாள். பாய்ந்து போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது. தரையில் கால் படாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். என் கால் ஈரத்தில் இருந்ததை நினைக்கவில்லை.

அவள் என் தோளுக்கு மேலே எட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள்.

அவள் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது. அதே நொடி அவள் வழியாக அது எனக்குள் இறங்கியது. கத்தக்கூட வாய் வரவில்லை. என் கைகள் அவளை விடாமல் இறுக்கிக்கொண்டன. கால் வழுக்கி இருவரும் புல்லில் விழுந்ததால்தான் அவள் கை கதவிலிருந்து விட்டது. அவர் குதித்து ஓடி ஒயரைப் பிடுங்கினார்.

கொஞ்ச நேரம் அவளிடம் சத்தமே இல்லை. செத்துப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

ஃப்ரிட்ஜில்தான் லீக் என்று பிறகு கண்டுபிடித்தார். எனக்கு அது தெரிந்து என்ன ஆக வேண்டும்?

அவளைத் தேற்ற இரண்டு கையையும் நீட்டினேன். பின்னால் நகர்ந்தாள். ஷாக் அடித்தபோது அவளை இறுக்கிப் பிடித்திருந்தது என் கைகள்தான்.

"நோ. அம்மா ஹர்ட்ஸ்."

ஓடிப் போய், பின்னை வெட்டியவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுகர் லேண்ட் திரும்பும் வரை அவள் என்னைத் தொடவிடவில்லை.